முதலில் விதையை எண்ணச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் மாணவர்களுக்கு அடிப்படை விவசாயம் சொல்லித்தரும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை. எனக்கு விவசாயம் தெரியாது ஐயா. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மண்வெட்டிக்கு முன்னால் விதையை எடுங்கள் அம்மா. ஈரத்துணியில் 100 பயறு விதைகளை வரிசையாகப் பரப்பி, சுருட்டி வையுங்கள். துணி காயாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் வேலை. ஒரு வாரத்துக்குள் முளைத்தவற்றை எண்ணிவிடலாம். 80 முளைத்திருந்தால் முளைப்புத்திறன் 80 சதவீதம். அப்படியென்றால் 100 செடி வேண்டுமானால் எத்தனை விதை ஊன்ற வேண்டும்? 125 என்று அவர்களே சொல்ல வேண்டும். கணக்கு வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இதற்குக் கை தூக்குவதை நான் வேளாண் பாடம் நடத்திய காலத்தில் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்று யாராவது கேட்பார்கள். அப்போது வில்லியம் பீல் செய்த சோதனையைச் சொல்லுங்கள். இந்த அமெரிக்கத் தாவரவியலாளர் 1879-ல் மிச்சிகனில் 20 குப்பிகளில் விதைகளை மணலோடு கலந்து புதைத்தார். 2021-ல் தோண்டியெடுத்த குப்பியிலும் சில விதைகள் முளைத்தன. களை ஏன் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு அதிலேயே விளங்கிவிடும்.

அடுத்தது மண். கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பெரிய துகள் ஏன் முதலில் இறங்குகிறது என்று உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பாத்தியை மட்டும் வகுப்புக்கே பொதுவாக வைக்காதீர்கள். எல்லோருக்கும் சொந்தமான பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் வர மாட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு சதுர மீட்டர் போதும். விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றச் சொல்லுங்கள். என்ன செய்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று தேதி போட்டு எழுதும் நோட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள், விளைச்சலுக்கு வேண்டாம். பூச்சிமருந்து எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகள் கைக்குப் போகக்கூடாது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். தாமதமாக வரும் பிள்ளையைக் களை பிடுங்கச் சொல்லித் தண்டிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் இருந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. விவசாயியாகப் போவதில்லை. அவனுக்கு எதற்கு இந்த மண் வேலை?

பதில்: மருத்துவராகப் போகாத பிள்ளையும் இதயம் எப்படித் துடிக்கிறது என்று படிக்கிறது அல்லவா? உரத்தை அள்ளிப் போட்ட செடி வாடி நிற்பதைப் பார்த்தவனுக்குச் சவ்வூடு பரவலை, அதாவது மெல்லிய சவ்வு வழியே தண்ணீர் உப்பு மிகுந்த பக்கம் போவதை, மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. வாரத்தில் இரண்டு பாடவேளைதான். தயவுசெய்து அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் பாத்தியில் ஒரு பயறுச் செடியைப் பிடுங்கினோம். வேரில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. நோயா? மற்ற செடிகளையும் பிடுங்கிவிடவா? (மாணவி)

பதில்: பொறு அம்மா, எதையும் பிடுங்காதே! ஓர் உருண்டையை நகத்தால் தள்ளிப் பார். வேரின் பக்கத்தில் ஒட்டியிருந்து எளிதாகக் கழன்று வந்தால் அது வேர்முண்டு. நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானியர்கள் இதை 1880-களில் கண்டுபிடித்தார்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் இளசாக இருக்கலாம், சில நாள் கழித்துப் பார்.

கழன்று வராமல் வேரே வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் நூற்புழு என்ற, மண்ணில் வாழும் மிகச் சிறிய புழுவின் வேலை. அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்து. அடுத்த பட்டத்தில் அங்கே அந்தப் புழு தாக்காத பயிர் வை. வேர்முண்டு என்று உறுதியானால், அறுவடை முடிந்ததும் செடியைத் தரையோடு வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடு.