காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை!

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. "நீ பேசுவது காதில் விழுகிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை" என்கிறார். தட்டு கேட்டால், "எந்தக் கட்டு?" என்கிறார். உரக்கச் சொன்னால், "ஏன் கத்துகிறாய்?" என்று கோபம் வருகிறது. ஏழு வயதுப் பேத்தி பேசுவது அவருக்குப் பிடிபடுவதே இல்லை. இது காதுக் கோளாறா, மறதி நோயின் தொடக்கமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், காதைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். அப்பா சொல்வதை அப்படியே நம்புங்கள். அவர் அசட்டையாக இருக்கிறார் என்று மட்டும் தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

தட்டு, கட்டு, பட்டு. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான். நாக்கோ உதடோ விலகும்போது வெடித்துக் கிளம்பும் சிறு காற்றுதான் மூன்றையும் வேறுபடுத்துகிறது. நொடியின் நூறு பங்கில் சில பங்கு நேரமே அது நீடிக்கும். அதைத்தான் அப்பாவின் காது தவறவிடுகிறது.

உள்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆர்மோனியக் கட்டைகளைப் போல அதில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. வாசலருகே உச்சச் சுருதிகள், உள்நுனியில் தாழ்ந்தவை. மூளைக்குச் செய்தி அனுப்பும் உள்மயிர்ச் செல்கள் ஒரு காதில் சுமார் 3,500. அழிந்துபோனால் அவை மீண்டும் முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் தேய்வது வாசல் பக்கம். உயிரெழுத்துகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ச, த, க போன்ற வல்லினங்களின் அடையாளமோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனால் சத்தம் வந்து சேர்கிறது, சொல் வருவதில்லை. குழந்தைகளின் குரல் இயல்பிலேயே உச்சத்தில் இருக்கும், பேச்சிலும் வேகம் அதிகம். பேத்தி பேசுவது பிடிபடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கத்தினால் உயிரொலிதான் பெருகும், வல்லினம் தெளியாது. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் வெளிமயிர்ச் செல்கள் பழுதானவருக்கு மெல்லப் பேசினால் கேட்காது, சற்று உரக்கப் பேசினாலே காதைத் துளைக்கும். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்பப் பார்க்கும். அதற்குக் கண்ணும் துணை. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரு ஆய்வாளர்கள் 'ப' என்ற ஒலியைக் காதுக்கும், 'க' என்று அசையும் உதடுகளைக் கண்ணுக்கும் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் 'த' என்று கேட்டதாகச் சொன்னார்கள்! எனவே சமையலறையிலிருந்து முதுகைக் காட்டிப் பேசாதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரில் அமர்ந்து, நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாமல், "சாப்பிட ஒரு தட்டு வேண்டும்" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தவறாகக் கேட்டுத் தவறாகப் பதில் சொல்வது மறதி ஆகாது. தெளிவாகக் கேட்டதையே மறக்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார் என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதே சமயம், கேட்புக் குறைவைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணிகளில் ஒன்று. தள்ளிப்போட வேண்டாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறும் காதுக்குறும்பியாகவும் இருக்கலாம். அது இல்லையென்றால், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமுடன், சொற்களைப் பிரித்தறியும் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். காது கேட்கும் கருவி தேவைப்பட்டால் அந்த அளவீட்டின்படி பொருத்த வேண்டும். எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்கும் மலிவுக் கருவியை வாங்கிவிடாதீர்கள். கருவி தரும் ஒலிக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரமே கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். அதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

பேத்தியிடம் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: முதலில் தாத்தாவின் கையைத் தொட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசட்டும்.