மழை நாளில் குடும்பத்தோடு ரைபிள் பயிற்சி: போகலாமா?

கேள்வி: நாங்கள் திருமங்கலத்தில் வசிக்கிறோம். மதுரையில் ஒரு ரைபிள் கிளப் குடும்பங்களுக்காக நடத்தும் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டிவிட்டோம். சனிக்கிழமை கூரைக்குக் கீழே 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி). ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளியில் 50 மீட்டர் பாயின்ட் டூ டூ (வெடிமருந்தில் சுடும் .22 ரைபிள்). நான், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், 66 வயது அம்மா ஆகிய ஐந்து பேர். யாரும் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஒரு வாரமாக மாலைதோறும் இடியுடன் மழை பெய்கிறது. வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காதாம். மழையில் போய் எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்? அம்மா சும்மா உட்கார்ந்து பார்க்கத்தான் முடியுமா?

பதில்: சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அன்று காலையில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் மகனுக்கு மட்டும் வானம் எப்படி இருந்தாலும் அது வேண்டாம். 9 வயதில் ஏர் ரைபிளே போதும்.

கட்டிய பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். போனாலும் போகாவிட்டாலும் அது போனதுதான். மழையும் பெரிய தடை இல்லை. அந்த மழையில் கிளப்காரர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்போது, இடி கேட்டதும் தயங்காமல் பயிற்சியை நிறுத்துகிற இடமா என்று பாருங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்கிற இடமாக இருந்தால் வாசலிலிருந்தே திரும்பிவிடலாம்.

இன்றே தொலைபேசியில் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: காலைப் பிரிவில் இடம் கேளுங்கள். ஐப்பசி அடைமழை என்று சொல்கிறோம். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நம் பக்கம் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் மேகம் திரண்டு இடிக்கும். காலை 7 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

அடுத்து, கூரை என்ன கூரை என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் பல சுடுதளங்கள் தகரக் கொட்டகைதான். தகரத்தின் மேல் கனமழை இறங்கினால், பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தும் 'ஸ்டாப்' மூன்றாவது ஆளைத் தாண்டாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிக்குப் போயிருந்த ஒரு முகாமில் இதைக் கண்ணால் பார்த்தேன். சுடுவதை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. நான்கு பேர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஐந்தாவதாக நின்ற கல்லூரி மாணவர் ஒரு கண்ணை மூடியபடி குறிபார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல வேளையாக, யாரும் டார்கெட் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கவில்லை. அன்றிலிருந்து மழை நாளில் குரலை நான் நம்புவதில்லை. விசில், சிவப்புக் கொடி, விளக்கு என்று கண்ணுக்கோ காதுக்கோ தப்பாத ஓர் அடையாளம் இருக்க வேண்டும். அதோடு, டார்கெட் பக்கம் போவதற்கு முன் எல்லாத் துப்பாக்கிகளின் குழலிலும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு இழை செருகப்பட்டிருக்க வேண்டும். குழலுக்குள் பெல்லட் (ஏர் ரைபிளின் சின்னக் குண்டு) இல்லை என்பதற்கு அந்த இழைதான் சாட்சி. இரண்டும் இல்லையென்றால், தகரத்தில் சத்தம் ஓயும்வரை உங்கள் குடும்பத்தைப் பின்னால் நாற்காலியில் உட்கார வையுங்கள்.

இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 வினாடி பிடிக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்தவெளியில் அப்போதே எல்லாம் நிற்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி தொடங்கலாம். நடுவில் ஓர் இடி கேட்டாலும் கணக்கு முதலிலிருந்து. காத்திருப்பது கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ இருக்கட்டும். வேப்பமரத்தடியும் நான்கு கம்பத்தில் நிற்கும் பந்தலும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மனைவியும் பாயின்ட் டூ டூ சுடப் போனால், தூறலைவிடக் காற்றுதான் ஏமாற்றும். அந்தக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். மழைக்கு முன் வருமே ஒரு குளிர்ந்த காற்று, அது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடித்தால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பத்தில் விழ வேண்டியது ஏழு, எட்டுப் பக்கம் போய்விடும். அதற்காகக் குறிக்கருவியைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். முதல் நாள்காரர்களுக்கு ஒரே வழி, காற்று தணியும்வரை சுடாமல் இருப்பது. 13 வயது மகளை இதில் சேர்ப்பதைச் சனிக்கிழமை அவள் எவ்வளவு நிதானமாக இருந்தாள் என்று பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சேர்த்தால் காதுக்குக் கவசம் கட்டாயம்.

சனிக்கிழமைக்கு வருவோம். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் கதவுகளை எல்லாம் இழுத்து மூடிவிடுவார்கள். மூடக் கூடாது. ஏர் ரைபிளில் வெடிமருந்துப் புகை இல்லை, உண்மைதான். ஆனால் பெல்லட் ஈயம். அது டார்கெட்டுக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டியில் மோதிச் சிதறும்போது நுண்ணிய தூசு எழும். தரையில் படியும், விரலில் ஒட்டும். ஆகையால் காற்று வர வழி இருக்கட்டும். மழைக்கு இதமாக வடையும் டீயும் வரும். சுடும் இடத்துக்குள் அதை வாங்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்து சாப்பிடலாம். வாயில் விரல் வைக்கும் பழக்கம் பையனுக்கு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கண்ணுக்குக் கண்ணாடி எல்லாருக்கும் வேண்டும். பழைய பெட்டியில் பட்டு பெல்லட் திரும்பித் தெறிப்பது உண்டு.

ஈரம் துப்பாக்கியைவிட முதலில் கையைக் கெடுக்கும். பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உடுக்கை போல நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். பின்பக்கம் பாவாடை போல விரிந்த மெல்லிய ஓரம். அந்த ஓரம் குழலின் சுவரோடு இறுகிப் பொருந்தினால்தான் காற்று கசியாமல் தள்ளும். ஈரக் கையில் வழுக்கித் தரையில் விழுந்தால் அந்த ஓரம் நசுங்கிவிடும். நசுங்கியது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்ததை எடுத்துப் போடாமல் ஒதுக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு, மாற்றுக் காலுறை, வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. வேறு ஒன்றும் வாங்க வேண்டாம். மழைக்கோட்டு போட்டபடி சுட நிற்காதீர்கள், தோளில் துப்பாக்கி நிற்காது.

கிளப்பின் துப்பாக்கி சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் வகையா என்று பாருங்கள். அப்படியானால், கைப்பம்பில் அடிக்கிறார்களா, என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் வேடிக்கை பாருங்கள். மழைக்காலக் காற்றை 200 பார் அழுத்தத்துக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு) நெருக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். அடித்து முடித்து அழுத்தத்தை வெளிவிடும்போது வெண்புகையும் நாலைந்து நீர்த்துளிகளும் தெறிக்கும். நடுவில் நிறுத்தி அந்த நீரை வெளியேற்றி, பம்பை ஆறவிட்டு அடிக்கிறவர் தொழில் தெரிந்தவர். ஒரே மூச்சில் அடித்துத் தள்ளுகிறவர், அந்தத் தண்ணீரைச் சிலிண்டருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்றுதானே கேட்கிறீர்கள்? போகும். மழைக்கு நம் ஊரில் அது போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டார்கெட் விளக்கு அணைந்ததும் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். அரை வெளிச்சத்தில் குறி தெளிவில்லாமல் சுட்டுப் பழகுவது, தப்பாகப் பழகுவது.

ஆனால் அந்த அரை மணி நேரம் வீணில்லை. 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் நடுவில் பத்துப் புள்ளிக்கான வெள்ளைப் பொட்டு 0.5 மில்லிமீட்டர்தான். கடுகில் பாதிகூட இல்லை. அதை எட்ட வைப்பது நிற்கும் நிலையும், மூச்சும், விசையை அழுத்தும் விரலும். மூன்றுக்கும் பெல்லட் வேண்டாம். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, ஐந்தாறு வினாடிக்குள் விசையை மெல்ல அழுத்த வேண்டும். முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். 'இறக்கிவிடுவது' என்ற இந்த ஒன்றைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். ஓர் எச்சரிக்கை: குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் இல்லாமல் விசையை இழுக்கக் கூடாது. உள்ளே பிஸ்டன் தடுப்பாரில்லாமல் முட்டிச் சேதமாகும். போட்டித் துப்பாக்கிகளில் வெறுமனே விசை பழக்கவென்றே ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஆர்வம் வந்தால், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் என்று சொல்லுங்கள். மகனுக்குத் துப்பாக்கியின் எடையைத் தாங்கும் தாங்குகோல் கட்டாயம். போட்டித் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். அதை அவன் கையில் தூக்கி நிறுத்தினால் முதுகை வளைத்துப் பழகுவான். பிறகு அந்த வளைவை எடுக்கவே ஓராண்டு ஆகும்.

கடைசியாக அம்மா. அவர் ஏன் சும்மா உட்கார வேண்டும்? மேசை, நாற்காலி, தாங்குகோல் போட்டுக் கொடுத்தால் வீட்டிலேயே அதிகப் புள்ளி அவருடையதாக இருந்தாலும் எனக்கு வியப்பில்லை. அவசரப்படாத கை அது. ஈரத் தரையில் மட்டும் யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். சுடும்போது குழலின் முனையில் உள்ள முன்குறி கூர்மையாகவும் டார்கெட் லேசாக மங்கியும் தெரிய வேண்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டிருந்தால், தலையைச் சாய்க்கும்போது பார்வை ஒன்று மாற்றி ஒன்று தாவும். தூரப் பார்வைக்கு மட்டுமான பழைய கண்ணாடி ஒன்று பீரோவில் கிடக்கும். அதைத் தேடி எடுத்துப் பையில் வையுங்கள்.