மனநல மருத்துவரிடம் முதலில் எதைச் சொல்வது?

கேள்வி: பல்லடம் அருகே விசைத்தறி வைத்திருக்கிறேன், வயது 41. ஆறு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தலைவலி, படபடப்பு, மறதி, வயிற்றுப் பொருமலும் உண்டு. தலை ஸ்கேனில் குறை ஏதும் இல்லை. கைப்பேசியில் தேடியதில் ‘பைபோலார்’ (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்று வந்தது. மெடிக்கலில் வாங்கும் மாத்திரை போட்டால்தான் தூக்கம். விடியாமலே போனால் தேவலை என்றும் சில நாள் தோன்றுகிறது. அடுத்த வாரம் கோவையில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். ஊருக்குத் தெரிந்தால் மகளுக்கு வரன் அமைவது கெடுமோ? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: ‘விடியாமலே போனால் தேவலை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். தலைவலியில் தொடங்கினால் நேரம் முழுவதும் தலைவலியிலேயே கழிந்துவிடும். எழுந்து கதவருகே போன பிறகு இதைச் சொல்பவர்களே அதிகம். அந்த எண்ணம் எத்தனை நாளாக வருகிறது, வந்து போகும் சலிப்பாக நிற்கிறதா, உயிரை விடுவது எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா என்று அவர் நேரடியாகவே கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் வலுப்பதில்லை. சொல்வதால் உங்களை யாரும் கட்டிப்போடவும் போவதில்லை.

யோசனை அந்த அளவுக்குப் போகுமானால் அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மனைவியிடமோ உடன்பிறந்தவர்களிடமோ சொல்லி, அவர்கள் துணையுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வீட்டிலோ தோட்டத்துச் சாளையிலோ பூச்சிமருந்து இருந்தால், இன்றைக்கே வேறொருவர் அதைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். உயிரை விடத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சற்று நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்துவதுதான் முக்கியம்.

ஊர் வாய்க்கு அஞ்சுகிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. மகளுக்கு வரன் பார்க்கும் நாளில் நல்ல உறக்கத்துடன் உட்கார்ந்து பேசும் தகப்பன் இருப்பதே அவளுக்கு நன்மை.

தூக்கம் கெட்டவருக்கு மறதி வராமல் என்ன செய்யும்? இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டாம். எடுத்ததைக் கொண்டு போங்கள். தைராய்டு பரிசோதனை செய்திருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சூட்டிய நோய்ப்பெயரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நோயைக் கண்டறிவது கைப்பேசித் தேடலின் வேலையன்று. ஆனால், தூக்கமே இல்லாமலும் களைப்பின்றி, வழக்கத்துக்கு மாறாகப் பேசிக்கொண்டும் கண்டபடி செலவழித்துக்கொண்டும் இருந்த நாட்கள் எப்போதாவது உண்டா என்பதை மருத்துவர் அறிய வேண்டும். மருந்தைத் தேர்வு செய்வதே அதைப் பொறுத்து மாறும். அதை உங்களைவிட உங்கள் மனைவி நன்றாகச் சொல்வார் என்பதால் அவரை அழைத்துச் செல்லுங்கள், தனியாகப் பேசவும் சில நிமிடங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த மெடிக்கல் மாத்திரை. பெயரைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். அது அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரை) வகையாக இருந்தால், மருத்துவர் சீட்டின்றி விற்கவே கூடாத, பழக்கத்துக்கு அடிமைப்படுத்தக்கூடிய மருந்து. அதற்காக, மருத்துவரைப் பார்க்கும் முன் நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டுமென்று திடீரென நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். மது அருந்தும் வழக்கம் இருந்தால் அளவை மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே தடைப்படக்கூடும். புதிதாக மனச்சோர்வுக்கான மருந்து எழுதித் தந்தால், அதன் பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் பிடிக்கும், தொடக்கத்தில் சிறிது குமட்டலும் இருக்கலாம். பத்தாம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று அதை நிறுத்திவிட்டு மறுபடி மெடிக்கல் படியேறாதீர்கள்.