இறுதியாண்டு செயற்றிட்டமும் அஜைலும்: ஹட்டன் மாணவர் ஒருவருக்குப் பதில்

தம்பி, இறுதியாண்டு செயற்றிட்டத்தை அஜைல் முறையில் எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் நால்வரும் எடுத்த தலைப்பு நல்லது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளந்து போனுக்கு அனுப்பும் கருவி, ஆறு மாதத்தில் முடிக்கக்கூடியதுதான். விரிவுரையாளர் "அஜைல் முறையில் செய்யுங்கள்" என்றதும் புதுப்புது செயலிகளைத் தேடி அலைய வேண்டாம். வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் செய்து காட்டி, கிடைக்கும் கருத்துக்கேற்பத் திருத்துவதுதான் அஜைல். அதற்கு ஒரு பிரிஸ்டல் போர்டும் பேனையும் போதும்.

இந்த முறையின் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் பிரகடனத்தை 2001இல் எழுதிய 17 பேரும் மென்பொருள்காரர். நிரலில் பிழை வந்தால் இரவோடு இரவாகத் திருத்திவிடலாம். உங்களுக்கோ ஒரு சென்சர் எரிந்தால் கொழும்பு புறக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். சர்க்கிட் போர்ட்டை வெளிநாட்டில் அடிக்கக் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஆகவே பொருள் பட்டியலை முதல் வாரத்திலேயே முடியுங்கள். சென்சரில் இரண்டு கூடுதலாக வாங்குங்கள்.

ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தச் சிறு கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் வையுங்கள். பரீட்சை வாரங்களில் ஸ்பிரிண்ட் வேண்டாம். முதல் ஸ்பிரிண்டில் பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் பிரெட்போர்டில் ஒரே ஒரு சென்சர், திரையில் ஓர் எண், அவ்வளவுதான். இரண்டாவதில் அந்த எண் போனுக்குப் போக வேண்டும். மூன்றாவதிலேயே கருவியைத் தொழிற்சாலையில் ஓர் இரவு ஓட விடுங்கள். பெட்டியும் அழகான திரையும் கடைசியில் வரட்டும். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்து, ஆளுக்கொரு பகுதியை முடித்து, ஒப்படைக்கும் வாரத்தில்தான் இணைக்கிறார்கள். சிக்கல்கள் அத்தனையும் அப்போதுதான் தலைகாட்டும்.

வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளக்கும் டிஎச்டி22 சென்சருக்கு 5 வோல்ட் கொடுத்து, அதன் தரவுக் கம்பியை 3.3 வோல்டில் இயங்கும் ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் நேரே செருகினால் அந்த இணைப்பு ஊசி பழுதாகலாம். சென்சர் 3.3 வோல்டிலேயே ஓடும், அதையே கொடுங்கள். இரண்டு வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல் அதை வாசிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்து சென்சரில் நீர் படிந்தால் ஈரப்பதன் அளவு 99.9 சதவீதத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் வலையமைப்பும் மின்சாரமும் போகும், அதனால் அளவீடுகளை மெமரி கார்டிலும் எழுதி வையுங்கள்.

'முடிந்தது' என்றால் என்ன என்பதை ஸ்பிரிண்ட் தொடங்கும்போதே எழுதுங்கள். "கோடிங் முடிந்தது" என்பது கணக்கில் வராது. "ஓர் இரவு முழுக்க ஓடியது, தொழிற்சாலையின் உலர்-ஈரக் குமிழ் வெப்பமானியோடு ஒத்துப்போகிறது" என்று இருக்க வேண்டும்.

அஜைலைப் பின்பற்றும் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமில் தினமும் 15 நிமிடக் கூட்டம் உண்டு. விரிவுரைகளுக்கிடையே உங்களுக்கு வாரம் இரண்டு தடவை போதும். ஆனால் ஸ்பிரிண்ட் முடிவில் செய்து காட்டுவதை மட்டும் தவறவிடாதீர்கள். விரிவுரையாளரோடு, தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடமும் காட்டுங்கள். உங்கள் வரைபடத்தைவிட, ஈரம் எல்லை தாண்டும்போது அடிக்கும் ஒரு மணிதான் அவருக்கு வேண்டியிருக்கலாம். அதை மூன்றாம் மாதத்தில் கேட்டால் மாற்றலாம். ஆறாம் மாதத்தில் கேட்டு என்ன செய்வது?

உங்கள் அம்மா விசாரித்த ஸ்க்ரம் சான்றிதழ் இப்போது வேண்டாம். வேலை நேர்முகத்தில் "இடையில் எதை மாற்றினீர்கள், ஏன்?" என்று கேட்டால் பதில் வேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் திட்டமிட்டது, முடிந்தது, கைவிட்டது மூன்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.