நாலு சத்தம் கேட்கிறதா? சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் கேள்வி பதில்

இராணுவத்தில் 22 வருஷம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக இருந்துவிட்டு இப்போது சேலத்தில் குடியிருக்கிறேன். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் ஹேமரை (அடிக்கும் சுத்தியலை) விரலால் இழுத்துவிட்டுச் சுடும் வகை. அதற்கு முன் ஒரு வார்த்தை. நான் சொல்லும் எந்தச் சோதனையும் சிலிண்டரில், அதாவது தோட்டா போடும் சுழல் உருளையில், ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிய பிறகுதான். தோட்டாப் பெட்டி அந்த ரூமிலேயே இருக்கக் கூடாது.

ஏற்காடு, காபித் தோட்டம்: ஐயா, தாத்தா காலத்து ரிவால்வருங்க, கோல்ட் கம்பெனி மாதிரி. மார்கழி, தை மாசத்துல ஹேமரை இழுத்தா இறுகுது, சிலிண்டர் பாதி சுத்தி நின்னுடுது. சித்திரையில நல்லா ஓடுது. ஸ்பிரிங் போயிடுச்சுங்களா?

ஸ்பிரிங் போயிருந்தால் பன்னிரண்டு மாசமும் தகராறு செய்யும். என்ன எண்ணெய் விடுகிறீர்கள் என்று கேட்டு எழுதினேன். தேங்காய் எண்ணெய் என்று பதில் வந்தது. தாத்தா காலத்திலிருந்தே அதுதானாம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு வைக்கிற எண்ணெயையே வெயிலில் காட்டி உருக்க வேண்டிய மாசத்தில், துப்பாக்கிக்குள் இருப்பது மட்டும் உருகி நிற்குமா? கோடையிலும் அது முழுசாகப் போய்விடுவதில்லை. வருஷக்கணக்கில் காற்றுப்பட்டு, குத்துவிளக்கின் அடியில் படியும் பிசுக்கு மாதிரி அரக்கு நிறத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டர் சுழலும் நடு பின்னை உருவிப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும்.

பின்னையும் சிலிண்டரையும் கழற்றி, மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடையுங்கள். பின் போகும் துளையையும் விடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை ஒரு துளி விட்டு, அதையும் துடைத்துவிடுங்கள். உள் விசைகளைக் கழற்ற வேண்டாம். அந்தத் திருகுகளின் காடி குறுகல். கடையில் வாங்கிய ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் காடி சிதைந்துவிடும்.

ஓமலூர்: சிலிண்டரைச் சுத்தி கோடு கோடா கீறல் விழுந்திருக்கு. சுடும்போது பக்கவாட்டுல ஈயத்தூள் தெறிக்குதுங்க.

இரண்டு கோளாறு, இரண்டும் சிலிண்டர் சுழன்று பூட்டும் வேலையைச் சேர்ந்தவை. முதலில் ஈயத்தூள். இதைக் கண்ணைவிடக் காதால் பிடிப்பது சுலபம். பழைய கோல்ட் வகையில் ஹேமரை மெதுவாக இழுத்தால் நாலு சத்தம் கேட்க வேண்டும். முதலாவது பாதுகாப்புப் பள்ளம், ஹேமரைச் சற்று இழுத்ததும் டிரிகர் மாட்டும் இடம். இரண்டாவது பாதி இழுப்பு, தோட்டா போடும் நிலை. மூன்றாவது, கீழிருந்து பூட்டு எழும்பி சிலிண்டரைத் தட்டுவது. நாலாவது முழு இழுப்பு. நாலாவது கேட்கும்போது சிலிண்டர் அசையாமல் பூட்டியிருக்க வேண்டும்.

ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஹேமர் முழுசாக நின்ற பிறகும் விரலால் லேசாகத் தள்ளினால்தான் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறது என்றால், அதைத் தள்ளிக்கொடுக்கும் உறுப்பு தேய்ந்திருக்கிறது. அதை ‘கை’ என்போம். அந்த நிலையில் அறையும் குழலும் நேராக நிற்காது. குழல் வாயில் உரசித்தான் ஈயம் சீவப்படுகிறது. சரி செய்யும்வரை சுடாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டுவிடும்.

கீறலுக்குப் பெரும்பாலும் நம் பழக்கம்தான் காரணம். பாதி இழுப்பில் தோட்டா போட்டுவிட்டு அங்கிருந்தே ஹேமரை இறக்கினால், பூட்டு சிலிண்டர் மேல் உரசிக்கொண்டே கிடக்கும். முழுசாக இழுத்துப் பிறகு இறக்குவதுதான் முறை. அப்படிச் செய்தும் கீறினால் பூட்டையும் டிரிகரையும் தள்ளும் இரட்டைக் கால் தகட்டு ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகையில் அடிக்கடி ஒடிவது அதுதான். ரூகர் கம்பெனி வகையில் சுருள் ஸ்பிரிங் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

செவ்வாய்ப்பேட்டை: அண்ணே, பாதி இழுப்புல வச்சு டிரிகரைத் தொட்டா ஹேமர் விழுந்துடுது. தெரிஞ்ச கொலுசுப் பட்டறையில பத்தவச்சுத் தர்றேங்கிறாங்க, செய்யலாமா?

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். வெள்ளிவேலைக்காரர்கள் கைநுணுக்கத்தை நான் மதிக்கிறவன். ஆனால் பாதி இழுப்பில் டிரிகர் மாட்டி நிற்கும் ஹேமரின் பள்ளம் பதம் ஏற்றிய எஃகு. பற்றவைக்கும் சூட்டில் பதம் இறங்கிவிடும். இரண்டு நாள் பிடித்து நிற்கும், மூன்றாம் நாள் விழும். தோட்டா இருக்கும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மேலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஹேமரையும் டிரிகரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பள்ளம் நன்றாக இருக்கும் பழைய வகையிலும் ஐந்து தோட்டாதான் போட வேண்டும். ஹேமர் காலி அறை மேல் இருக்கட்டும். துப்பாக்கி கீழே விழுந்தால் முதல் சத்தத்துக்குரிய அந்தச் சின்னப் பாதுகாப்புப் பள்ளம் தாங்காது. 1973க்குப் பிறகு வந்த ரூகரில் இடைத்தகடு இருக்கிறது, டிரிகரை அழுத்தாமல் ஹேமரின் அடி, தோட்டாவைக் குத்தும் ஊசியில் படாது. அதில் ஆறும் போடலாம்.

ஆத்தூர்: மூணுக்கு ஒண்ணு வெடிக்க மாட்டேங்குது.

வெடிக்காத தோட்டாவின் அடியைப் பாருங்கள். ஊசிக்குழி ஆழமாக இருந்தால் தோட்டா பழசு. மேலோட்டமாக இருந்தால் ஹேமரின் அடி பலமில்லை. பிடிக்குள் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கின் திருகை, இழுப்பு லேசாக இருக்கட்டும் என்று யாராவது தளர்த்தியிருப்பார்கள். வெடிக்காவிட்டால் குறியைவிட்டுத் திருப்பாமல் அரை நிமிஷம் பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. ‘டப்’ என்று சின்னச் சத்தம் வந்து உதைப்பே இல்லையென்றால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நிற்கலாம்.

வாழப்பாடி: சுடும்போது நடு பின் முன்னால நகருதுங்க.

பின்னைப் பிடிக்கும் குறுக்குத் தாழின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சின்ன வேலை, புதுசு போட்டால் சரியாகிவிடும்.

அஸ்தம்பட்டி: வணக்கங்க ஐயா. அப்பா போன மாசம் தவறிட்டாங்க. அவரோட ரிவால்வர் தோல் உறையிலேயே பீரோவுல இருக்கு. உறையில இருக்கிற தோட்டாவெல்லாம் பச்சையா பூத்திருக்கு. எண்ணெய் போட்டு வைக்கட்டுங்களா?

அப்பாவுக்கு என் அஞ்சலி அம்மா. அந்தப் பச்சை, தோல் பதனிடும் சரக்கும் பித்தளையும் சேர்ந்து பூத்தது. தோல் ஈரத்தை இழுத்து வைப்பதால் ரிவால்வரிலும் உறை பட்ட இடமெல்லாம் துரு இருக்கும். ஆனால் இப்போது நீங்கள் எண்ணெய் போட வேண்டாம். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முதலில் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். சிலிண்டருக்குள் தோட்டா இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஹேமரைத் தொட வேண்டாம். வாரிசாக உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கையில் வந்ததும் எழுதுங்கள், துருவை எப்படி எடுப்பது என்று அப்போது சொல்கிறேன்.