சிராகூசா கதீட்ரலில் கோவில் எங்கே?

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள சிராகூசா நகரில், கதீட்ரல் சதுக்கத்தில் நின்று பார்த்தேன், பரோக் என்ற அலங்காரப் பாணி முகப்புதான் இருக்கிறது, கிரேக்கக் கோவிலைக் காணோம், நாளை காலை மட்டும்தான் நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், அது அங்கேதான் இருக்கிறது. அந்த முகப்பு 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியது. அதைப் பார்த்தபடி நின்றால் இடதுபுறம் வியா மினெர்வா என்ற தெரு போகும், அதில் திரும்பியதுமே கிரேக்கத் தெய்வமான அதேனாவின் கோவிலுடைய டோரிக் (பழைய கிரேக்கப் பாணி) தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து நிற்பது தெரியும்.

அப்புறம் கட்டாயம் உள்ளே போங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிராகூசாவை ஆண்ட கெலோன் கட்டிய கோவிலை கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக்கியபோது, வெளித்தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, கருவறைச் சுவரை வளைவு வளைவாகக் குடைந்து திறந்துவிட்டார்கள், அதனால் பழைய கருவறைதான் இன்று மக்கள் உட்காரும் நடுக்கூடம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது பக்கவாட்டு நடையில் நிற்கும் தூண்கள்தான். பக்கத்தில் போய், செங்குத்தாக ஓடும் அந்தப் பள்ளக்கோடுகளை நிதானமாகப் பாருங்கள். பூசை நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது, வாசலில் நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். தோள், முழங்கால் மூடிய உடை நல்லது.