லேப்டாப்ல பிஎல்சி (மெஷினை ஓட்டற கன்ட்ரோலர்) கனெக்ட் ஆக மாட்டேங்குது, பதில் வராம டைம் அவுட் வருது. ரன் லைட் எரியுது, மெஷினும் ஓடுது. கேபிளா, செட்டிங்கா, இல்ல பிஎல்சியே போச்சா?

பிஎல்சி போயிருக்காதுங்க. ரன் லைட் எரியுது, மெஷின் ஓடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் ஏன் அது மேல பழி போடணும். நான் கடலூர் சிப்காட்ல கொஞ்ச வருஷம், இப்ப சேதராப்பட்டுல மெயின்டனன்ஸ் பாக்கறேன், நான் பாத்த டைம் அவுட்ல முக்காவாசி லேப்டாப் பக்கத்து கோளாறுதான்.

மொதல்ல கேபிளை பிஎல்சில இருந்து உருவிடுங்க. யுஎஸ்பியை சீரியலா மாத்தற கன்வர்ட்டரோட 9 பின் முனையில 2ஐயும் 3ஐயும் ஷார்ட் பண்ணுங்க, நான் இதுக்குன்னே ஒரு ஜெம் கிளிப்பை வளைச்சு பர்ஸ்ல வச்சிருக்கேன். புட்டிங்கற (PuTTY) டெர்மினல் சாஃப்ட்வேர்ல அந்த கன்வர்ட்டரோட காம் போர்ட்டை ஓப்பன் பண்ணி, ஃப்ளோ கன்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டு எதையாவது டைப் அடிங்க. அடிச்சது திரும்பி வந்தா லேப்டாப், டிரைவர், கன்வர்ட்டர் எல்லாம் ஓகே. கிளிப்பை எடுத்ததும் எழுத்து வர்றது நிக்கணும், அதையும் பாருங்க, லோக்கல் எக்கோ (அடிச்சதை சாஃப்ட்வேரே ஸ்க்ரீன்ல காட்டறது) ஆன்ல இருந்தா நல்லா ஏமாத்திடும்.

போர்ட்டே ஓப்பன் ஆகலைன்னா வேற ஏதோ சாஃப்ட்வேர் அதை புடிச்சிட்டு இருக்கு, இல்ல கன்வர்ட்டரை வேற ஸ்லாட்ல சொருகி காம் நம்பர் மாறியிருக்கும்.

அடுத்து செட்டிங். வேகம் (பாட் ரேட்), டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட்னு வரிசையா எல்லாரும் பழக்கதோஷத்துல 9600, 8, நன், 1 போடறாங்க. டெல்டா டிவிபி மாதிரி பிஎல்சி கம்பெனில இருந்து வரும்போது 9600, 7, ஈவன், 1, அதுவும் ஆஸ்கி மோடு. ஒரு பிட் மாறினாலும் பிஎல்சி பதிலே பேசாது, எரரும் சொல்லாது, நீங்கதான் டைம் அவுட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கணும். அப்புறம் கடலோரமா இருந்தா கனெக்டர் பின்னை டார்ச் அடிச்சு பாருங்க, உப்புக்காத்துல பச்சை பூத்திருக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் என்னை ஒரு ராத்திரி சுத்தல்ல விட்ட மெஷின் ஒண்ணு இருக்கு. மோட்டார் நிக்கும்போது கனெக்ட் ஆகும், ஓட ஆரம்பிச்சா கட் ஆகும். ரெண்டு கேபிள் மாத்திட்டேன், சாஃப்ட்வேரை அழிச்சு திரும்ப போட்டுட்டேன். பன்னண்டு மணி வாக்குல சூப்பர்வைசர் அண்ணன் வந்து அவரு போனுக்கு சார்ஜ் போட என் லேப்டாப் சார்ஜரை புடுங்கினாரு, அடுத்த செகண்ட் மோட்டார் ஓடிட்டு இருக்கும்போதே கனெக்ட் ஆயிடுச்சு! மோட்டாரை ஓட்டற டிரைவோட நாய்ஸ் எர்த் வழியா சார்ஜருக்குள்ள ஏறி சீரியல் கிரவுண்டை ஆட்டிட்டு இருந்திருக்கு. மறுநாள் பேனலை தொறந்தா டிரைவோட எர்த் ஸ்க்ரூ கையாலயே சுத்துது.

அதனால நீங்களும் சார்ஜரை கழட்டிட்டு பேட்டரில ஒரு தடவை பாருங்க. அதுல சரியாச்சுன்னா எர்த்தை டைட் பண்ணிட்டு ஐசோலேட்டட் கன்வர்ட்டர் (லேப்டாப்பையும் பிஎல்சியையும் கரண்ட் தொடர்பு இல்லாம பிரிச்சு வைக்கறது) ஒண்ணு வாங்கிடுங்க. நான் வாங்கி வச்சிருக்கேன், யாருக்கும் இரவல் குடுக்கறதில்ல.